வீட்டுக்காரர் ஊதிய விசில்

2025 ஜனவரி 20, திங்கள்

பொங்கல் லீவு முடிந்து முதல் பிராக்டிஸ். பாதி டீம் பெருங்களத்தூர் டிராஃபிக்கில். மீதி டீம் கரும்பும் சர்க்கரைப் பொங்கலுமாக வந்து, ஒரு ரவுண்டு ஓடியதுமே இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றது.

இந்தக் காலேஜ் பெண்கள் பாஸ்கெட்பால் டீமுக்கு நான் கோச் ஆகி ஆறு வருஷம். இன்னும் கான்ட்ராக்ட்தான். இந்தத் தடவை இன்டர்-காலேஜ் கப் அடித்தால் பர்மனன்ட் ஆக்குவதாக கரஸ்பாண்டன்ட் ஸ்ரீரங்கன் சார் சொல்லியிருக்கிறார். "அடித்தால்" என்பதைக் கொஞ்சம் அழுத்தியே சொன்னார்.

ஜனவரி 28

நல்ல கூத்து. ஃபைனலுக்கு ரெஃப்ரீ கிடைக்கவில்லையாம். கிடைத்திருக்கும் ஒரே ஆள் ஜெரோம். என் வீட்டுக்காரர் ஜெரோம்! வார நாளில் பேங்க், ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்தால் கழுத்தில் விசில். நாங்கள் ஃபைனல் போனால் என் மேட்சையே அவர் ஊத வேண்டும்.

நான் வேண்டாம் என்றேன். இன்னொரு செமியில் ஆடும் காலேஜின் கோச் கிறிஸ்டி அக்கா சிரித்துவிட்டார். "அவர் சொந்த அம்மாவுக்கே ஃபவுல் குடுப்பாரு, ஹெப்சி. அவரே போதும்." ஸ்ரீரங்கன் சாருக்கும் பரம சந்தோஷம். நம்ம வீட்டு ஆள்தானே என்றார். சாருக்கு ஜெரோமைத் தெரியாது.

பிப்ரவரி 1

செமி ஜெயிச்சாச்சு. உதயா ஆடினாள் பாரு ஆட்டம்! தொண்டை போச்சு. மிளகு ரசம் குடித்துவிட்டுத் தூங்கப்போகிறேன்.

பிப்ரவரி 2, ஞாயிறு

தோத்துட்டோம். ஒரே ஒரு பாயிண்ட்.

வரிசையாக எழுதிப் பார்க்கிறேன், அப்போதாவது ஆறுகிறதா என்று. மூன்றாவது குவார்ட்டரில் எங்கள் ரேஷ்மாவை எதிர் டீம் பெண் இடித்ததை ஜெரோம் கண்டுகொள்ளவில்லை. நான் கோட்டைத் தாண்டிப் போய்க் கத்தினேன். கத்தினது கோச்சா, பொண்டாட்டியா? தெரியவில்லை. எனக்கு டெக்னிகல் ஃபவுல். அதற்குக் கிறிஸ்டி அக்கா டீமுக்கு ஒரு ஃப்ரீ த்ரோ. போட்டார்கள்.

கடைசி சில விநாடி. உதயா பாஸ் வாங்கி, திரும்பி, ஏறிப் போட்டாள். உள்ளே! எங்கள் பெஞ்ச் முழுக்க எழுந்து குதித்தது. அதற்கு முன்பே விசில் ஊதிவிட்டது. பந்தைத் தட்டாமல் அடி வைத்தாளாம், டிராவலிங் என்று கையைச் சுற்றிக் காட்டுகிறார் என் புருஷன்.

திரும்பி வரும்போது பைக்கில் அவர் முதுகுக்கும் எனக்கும் நடுவில் பந்துப் பையை வைத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 3

மாமியார் எனக்கு மட்டும் ஆம்லெட் போட்டுக் கொடுத்தார். மகனுக்கு வெறும் உப்புமா. இந்த வீட்டில் என் கட்சிக்கு ஒரு ஓட்டாவது இருக்கிறது.

ரேஷ்மாவின் தம்பி எடுத்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். கால் நகர்ந்திருக்கிறது. சந்தேகமே இல்லை. சே.

மத்தியானம் உதயா தனியாக வீட்டுக்கு வந்தாள். பெரும்பாக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி, இதைச் சொல்ல மட்டும். "கால் நகந்துச்சு மேம். அப்பவே எனக்குத் தெரியும். சார் மேல தப்பு இல்ல." அழுதாள். நாம் தோற்ற அந்த ஒரு பாயிண்ட் என் வாயால் போனது, உன் காலால் இல்லை என்றேன். பொய் இல்லையே.

பிப்ரவரி 4

ஸ்ரீரங்கன் சார் கூப்பிட்டார். புரொடெஸ்ட் லெட்டர் தயார். ரெஃப்ரீ என் கணவர், வீட்டுச் சண்டையை மைதானத்தில் காட்டிவிட்டார், மேட்சை மறுபடி நடத்த வேண்டும் என்று. கோச் கையெழுத்து போட்டால் போதும். போட்டால் நிச்சயம் எடுபடும். மறு மேட்சில் ஜெயிப்போம், அது எனக்கே தெரியும். அப்புறம் வேலை பர்மனன்ட். ஜெரோமை இனி ஒருத்தரும் விசில் ஊதக் கூப்பிட மாட்டார்கள், அவ்வளவுதான்.

பேனாவைத் திறந்தேன். திறந்தது உண்மை.

"சார், அவர் என் வீட்டுக்காரர்னு முதல்லயே எல்லாருக்கும் தெரியும். நீங்களும் சரின்னுதான் சொன்னீங்க. அது டிராவலிங்தான் சார்."

"யோசிச்சுச் சொல்லுங்கம்மா. உங்க வேலை விஷயம்."

யோசிச்சுட்டேன் சார் என்று எழுந்து வந்துவிட்டேன். நேராகக் கேன்டீனுக்குப் போய் இரண்டு பஜ்ஜி தின்றேன்.

பிப்ரவரி 6

கிறிஸ்டி அக்கா மூலம் ஜெரோமுக்கு விஷயம் போய்விட்டது. துணி மடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்து அவரும் ஒரு துண்டை எடுத்து மடித்தார், வழக்கம்போல் கோணலாக.

"போட்டிருக்கலாமே, ஹெப்சி. விசில் எனக்கு ஞாயித்துக்கிழமை வேலை. உனக்குக் கோச்சிங் எல்லா நாளும்."

ரேஷ்மாவை இடித்தது ஃபவுல்தானே என்று கேட்டேன். துண்டைக் கீழே வைத்தார். "ஆமா. அன்னைக்கு அது என் கண்ணுல படல." அது போதும்.

ஏப்ரல் 30

கான்ட்ராக்ட் புதுப்பிக்கலை. காரணம் கூட சொல்லலை. ஆறு வருஷம்ப்பா! பிள்ளைங்க கேட் வரைக்கும் வந்தாங்க. ஆட்டோ ஜி.எஸ்.டி. ரோடு திரும்புற வரைக்கும் அழாம இருந்தேன்.

ஜூன் 16

சிங்கப்பெருமாள் கோவில் தாண்டி ஒரு இன்ஜினியரிங் காலேஜ். பசங்க டீம்! சம்பளம் பரவாயில்லை. எல்லாரும் சிட்டிக்குப் போகிற நேரத்தில் நான் எதிர்ப்பக்கம் போகிறேன், டிரெயினில் ஜன்னல் சீட் கிடைக்கிறது. பசங்களுக்கு உயரம் இருக்கிறது, மூச்சு இல்லை. முதல் நாளே ஓடவிட்டேன். மேடம் வந்தால் நிம்மதி என்று நினைத்திருந்தார்களாம், பாவம்.

ஆகஸ்ட் 23, சனி

புது டீமோடு முதல் மேட்ச். நான் வாயே திறக்கவில்லை. கேலரியில் ஒருத்தர் மட்டும் எழுந்து எழுந்து கத்திக்கொண்டிருந்தார். அது எப்படி டிராவலிங், கண்ணு எங்க இருக்கு என்று. ரெஃப்ரீ சின்னப் பையன், வெலவெலத்துப்போய் என்னிடம் ஓடிவந்தான். "மேடம், அந்த நீலச் சட்டை உங்க ஆளா? கொஞ்சம் சொல்லுங்க."

என் வீட்டுக்காரர் என்றேன். போய்ச் சொன்னேன். "அது டிராவலிங்தாங்க. உக்காருங்க."

உட்கார்ந்தார். இரண்டு நிமிஷம்.