கொட்டாய்க்கு விழுந்த பாடு

பழவேற்காடு,
கார்த்திகை கடைசி வெள்ளி

அன்பு மகன் கண்ணப்பனுக்கு நைனா எழுதுவது. நானும் அம்மாவும் குண்டுக்கல்லாட்டம் இருக்கிறோம், நீயும் மருமகளும் மஸ்கட் வெயிலில் வாடாமல் இருக்கத் திருப்பாலைவனத்து ஈசனை வேண்டிக்கொண்டேன். புயலில் கூரை பறந்த சினிமாக் கொட்டாயை இறால் வியாபாரிக்குக் கிடங்காக விற்றுவிட்டு அங்கே வந்துவிடச் சொல்லி எழுதியிருந்தாய். சொல்கிறேன் கேள். நீ பிறப்பதற்கு முன்னால், டச்சுக்காரன் கல்லறைக்குப் பக்கத்து மணல்மேட்டில் முதலில் கீற்றுக் கொட்டாய்தான் போட்டேன். திரையைக் கட்டிக் கொடுத்தது குப்பத்து ஆட்கள். படகுக்குப் பாய் கட்டியே பழகின கை, அடிப்பக்கத்தைத் தளர்த்தி விட்டுவிட்டார்கள். கடல்காற்று ஏறினதும் திரை உப்பிக்கொண்டு கதாநாயகிக்கு நிறைமாத வயிறு! ஜனம் விழுந்து விழுந்து சிரித்தது, எனக்கோ அழுகை. ஆனால் மறுநாள் டிக்கெட்டுக்கு அடிதடி. அப்புறம்தான் சுவர், தகரக் கூரை, சனிக்கிழமை பெண்களுக்கு மட்டும் மேட்னி எல்லாம் வந்தது. அவ்வளவு இருந்தும் நான் வெளியூர்க்காரன்தான். ஏரியில் இன்றைக்கு எந்தக் குடும்பம் எங்கே வலை போடுவது என்று ஊர் முறை வைக்கிறதே, அந்தப் பாடு உழவன் மகன் எனக்கு எப்படிக் கிடைக்கும்?

போன வாரம் ஊர்க்கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். கொட்டாயை விற்கப்போகிறேன் என்று சொல்லத்தான் போனேன். வாயைத் திறப்பதற்குள் ஊர்த்தலைவர் உலகநாதன், இன்னா தருமா, கூரை இல்லாம எம்மா நாளு குந்திகினு இருப்ப, கொட்டாயையும் ஒரு குடும்பமா வச்சி அதும் பேர்ல பாடு வுட்டுட்டோம், அந்த மொறைக்கி நம்ம ஆளுங்களே வலை போடுவாங்க, வுழற மீனு வித்த காசெல்லாம் கூரைக்குத்தான் என்று சொல்லிவிட்டார். சொந்தப் பிள்ளை தனிக்குடித்தனம் போனாலே பாடு கொடுக்க ஆயிரம் யோசிக்கிற ஊர் இது. துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன், உன்னிடம் சொல்ல என்ன வெட்கம்.

அதனால் நான் வரவில்லை. வியாபாரியிடம் முடியாது என்று சொல்லியாகிவிட்டது. அம்மா முதலில் முறைத்தாள், பேரப்பிள்ளை பிறந்தால் யார் போய்ப் பார்ப்பது என்று சண்டை பிடித்தாள், இப்போது அவளே தகரக் கடைக்காரனோடு மல்லுக்கு நிற்கிறாள். பொங்கலுக்குப் படம் ஓடும், ஓட்டியே தீருவேன். பாடு உள்ளவன் ஊரை விட்டுப் போனால் அவன் முறை அடுத்த வீட்டுக்குப் போய்விடும். என் முறையை நான் யாருக்கும் விடமாட்டேன்.

கோபித்துக்கொள்ளாதே கண்ணு. வேளைக்குச் சாப்பிடு, மருமகளைத் தனியே விட்டு ஓவர்டைம் பார்க்காதே. பொங்கல் லீவை இப்போதே கேட்டு வை, கூரை ஏற்ற ஆள் வேண்டும். இரண்டு பேரும் நூறு வயது நன்றாக இருங்கள்.

உன் நைனா,
பழவேற்காட்டுத் தருமன்