முற்றத்து அறை குறித்து ஒரு விண்ணப்பம்

ஷஹ்ரிவர் மாதம், பதினைந்தாம் நாள்

பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய மூத்த சகோதரர் நஸ்ருல்லாஹ் அவர்களின் சமூகத்திற்கு,

தங்கை ஸர்ரின்தாஜ் பணிவுடன் ஸலாம் கூறி எழுதுவது. தாங்களும் அண்ணி அவர்களும் உடல்நலத்துடன் இருக்க இறைவனை இறைஞ்சுகிறேன். தங்கள் புத்தாண்டு மடல் வசந்தத்தின் மூன்றாம் வாரத்திலேயே என் கைக்கு வந்து சேர்ந்தது. இன்று கோடையே முடியப் போகிறது. ஐந்து மாதங்கள் மறுமொழி எழுதாதிருந்த குற்றத்திற்கு நோயையோ விருந்தினரையோ அஞ்சல்காரரையோ காரணமாக்க நான் விரும்பவில்லை. ஒரு காரியம் கையில் இருந்தது. அது முடியும்வரை தங்களுக்கு எதை எழுதினாலும் பாதிப் பொய்யாகிவிடும் என்பதால் எழுதவில்லை. பொறுத்தருள வேண்டும்.

இப்போது அதைச் சொல்கிறேன். சொல்லி முடித்தபின் தங்களிடம் ஒன்று கேட்பேன். தெஹ்ரானில் தங்கள் இல்லத்து முற்றத்தை ஒட்டிய அறையைப் பற்றியது அது.

முதலில் வீட்டுச் செய்தி. தங்கள் மைத்துனரும் என் கணவருமான ரஜபலியின் முழங்கால் வலி தணிந்திருக்கிறது. குளிர் வருமுன் மண்ணெண்ணெய்க் கணப்பு அடுப்புகளைப் பழுதுபார்க்கக் கொண்டுவருவோர் இப்போதே அவர் கடையில் கூடுகிறார்கள். மகன் தாவூத் எல்லைக் காவலில் இராணுவச் சேவையின் இரண்டாம் ஆண்டில் இருக்கிறான். உணவு மோசம் என்பதைத் தவிர வேறெதையும் எழுதுவதில்லை. ஆகவே நலமாக இருக்கிறான் என்று கொள்கிறேன்.

இனி என் செய்தி. நாற்பத்திரண்டாம் வயதில் நான் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு எழுதியிருக்கிறேன்.

தாங்கள் இவ்வரியை இருமுறை படிப்பீர்கள் என்பதை அறிவேன். பள்ளி இறுதிச் சான்றிதழே இல்லாதவள் எப்படி எழுதினாள் என்ற கேள்வியும் எழும். ஒன்பது ஆண்டுகளாக, வகுப்புக்கு ஒன்றாக, தனித்தேர்வராக எழுதி அச்சான்றிதழைப் பெற்றேன். ஆசிரியர் எவரும் இல்லை. பாடநூல்களும், அண்டை வீட்டாருக்கு நகராட்சிக்கும் நீதிமன்றத்துக்கும் மனு எழுதிக் கொடுத்த பழக்கமுமே எனக்குத் துணை. அதற்கான படிவத்தில் ‘படிப்பு இடைநின்ற காரணம்’ என்று ஒரு கட்டம் இருந்தது. ‘குடும்பச் சூழல்’ என்று இரண்டு சொற்கள் எழுதினேன். கட்டத்தில் அதற்குமேல் இடமில்லை. தந்தையார் மறைந்த அந்தக் குளிர்காலத்தில் பத்தொன்பது வயதில் ஐவரின் உணவுக்குத் தாங்கள் பொறுப்பேற்றீர்கள். என் பள்ளிப் பையை எடுத்து அலமாரியின் மேல்தட்டில் வைத்தபோது தாங்கள் என் முகத்தைப் பார்க்கவில்லை. அதைப் பற்றி நாம் பேசியதில்லை, இம்மடலிலும் பேசப்போவதில்லை.

நுழைவுத் தேர்வுக்கான பதிவுப் படிவம் அடங்கிய உறையை வாங்கக் கடுங்குளிரான ஒரு காலையில் அஞ்சலகம் சென்றேன். எழுத்தர் தலை நிமிராமலேயே, “பொண்ணு எந்தப் பிரிவும்மா? கணக்கா, அறிவியலா?” என்றார். கலைப் பிரிவு என்றேன். “பேரு தப்பில்லாம எழுதச் சொல்லுங்க. போன வருஷம் அழுதுகிட்டு வந்து நின்னதுங்க நாப்பது பேரு.” பொண்ணு இல்லை, எழுதப்போவது நான்தான் என்றேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். “அப்படின்னா என் வீட்டுக்காரிக்கும் ஒண்ணு எடுத்துட்டுப் போறேங்க. படிக்க உக்காந்தான்னா என்னைத் திட்ட நேரம் இருக்காதுல்ல?” என்றார். மரியாதைக் குறைவாகத் தோன்றவில்லை, சிரித்துவிட்டேன்.

அந்தப் படிவத்தில் ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து. என் பெயரையும் தந்தையார் பெயரையும் பழைய தாளில் ஏழு முறை எழுதிப் பழகியபின் அசல் படிவத்தில் நிரப்பினேன். தந்தையாரின் பெயர் ஓர் எழுத்தும் மிச்சமின்றி அதற்குரிய கட்டங்களில் அமைந்தது.

அனுமதிச் சீட்டை நம் ஊர்ப் பல்கலைக்கழகத்துக்கே நேரில் சென்று பெற வேண்டும். அதன் மதிலைப் பேருந்திலிருந்து இருபது ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். அதற்கு உட்புறம் என்று ஒன்று இருப்பதாக என் மனம் ஏனோ ஏற்றதில்லை. அன்று காவலர் என் அடையாளப் புத்தகத்தைப் பார்த்து, “நேராப் போங்க, பைன் மரம் முடியற இடம்” என்றார். அவ்வளவுதான். எதற்கு வந்தாய் என்று எவரும் கேட்கவில்லை. நடைவழியின் கதவுகளில் மனிதர் பெயர்கள் இல்லை. பாடங்களின் பெயர்கள் இருந்தன. கண்ணாடிக்குப் பின்னே நூலகம். அண்ணா, அத்தனை நூல்களும் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கப்படாமல் தனித்தனியே நிமிர்ந்து நின்றன. பள்ளிவாசலின் நீலக் கூரையின் கீழ் முதன்முறை நின்றபோது எனக்கு எப்படியிருந்ததோ அப்படியிருந்தது. பக்கத்தில் நின்ற பெண்கள் சீட்டில் பெயர் சரியா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் என் சீட்டைப் பார்க்கவே மறந்துபோனேன்.

தேர்வு நாளன்று ரஜபலி வாயிற்படியில் முக்காலி போட்டு ஏறி நின்று திருமறையை உயர்த்திப் பிடித்தார்; அதன்கீழ் கடந்து சென்றேன். நல்லபடி திரும்ப வேண்டும் என்று அவர் வழக்கப்படி என் பின்னால் தெளித்த நீரில் பாதி என் காலணிக்குள் இறங்கியது. “குளிர்ச்சியாப் போயிட்டு வா. மூளை சூடாகாது” என்றார்.

தேர்வு, பல்கலைக்கழகத்தின் விளையாட்டு அரங்கில். ஏறத்தாழ எழுநூறு பெண்கள். கை வைத்த நாற்காலிகளின் வரிசை எங்கே முடிகிறதென்று என் கண்ணுக்குத் தெரியவில்லை. இதே நேரத்தில், இதே வினாக்களுடன், தேசம் முழுதும் இலட்சக்கணக்கானோர் அமர்ந்திருக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டேன். விடைத்தாள் முழுதும் சிறு சிறு முட்டை வடிவங்கள். சரியானதைக் கறுப்பாக நிரப்ப வேண்டும். அதைப் படிப்பது இயந்திரம். மூன்று தவறு ஒரு சரியைத் தின்றுவிடும். அந்த இயந்திரத்துக்கு என் வயது தெரியாது, நான் எவருடைய மனைவி என்று தெரியாது, எத்தனை ஆண்டு பள்ளி சென்றேன் என்று தெரியாது. என்னை இதுவரை அவ்வளவு சமமாக நடத்தியவர் எவரும் இல்லை.

இங்குதான் நான் ஒரு பிழை செய்தேன். நம்மவர் மட்டுமே செய்யக்கூடிய பிழை.

இரண்டு பென்சில்கள் கொண்டு சென்றிருந்தேன். ஒன்று படியில் விழுந்து உள்ளே ஈயம் நொறுங்கிவிட்டது. சீவச் சீவ உதிர்ந்தது. மற்றது நன்றாக இருந்தது. பக்கத்து நாற்காலியில் பதினெட்டு வயதுப் பெண். பெயர் நெகார் என்று சீட்டில் கண்டேன். அவளுடைய பென்சிலும் முறிந்து, பை முழுதும் தேடி, அழும் நிலையில் என்னைப் பார்த்தாள். நான் யோசிக்கவே இல்லை. நல்ல பென்சிலை நீட்டி, “எடுத்துக்கம்மா, உனக்குத்தான்” என்றேன். அதன்பின் நடக்க வேண்டியது தாங்கள் அறிந்ததே. அவள் வேண்டாம் என்பாள், நான் வற்புறுத்துவேன், அவள் மறுபடி வேண்டாம் என்பாள், அதற்குள் எவரிடமாவது வேறொன்று கிடைத்துவிடும். அந்தப் பெண், “ரொம்ப நன்றிம்மா” என்று முதல் சொல்லிலேயே வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டாள்.

மறுநொடியே, தேர்வைத் தொடங்கிவைக்க ஒலிபெருக்கியில் ஒலித்த திருமறை ஓதல் முடிந்தது. எழுநூறு வினாப்புத்தகங்கள் ஒருங்கே பிரிந்தன. புறாக்கூட்டம் எழுவது போன்ற அவ்வொலியை நான் ஆயுள் உள்ளவரை மறவேன்.

நான் வெறும் கையுடன் அமர்ந்திருந்தேன். கொடுத்ததைத் திருப்பிக் கேட்க நா எழவில்லை. மேற்பார்வையாளரிடம் கேட்கவும் எழவில்லை. வினாக்களைப் படித்தேன், விடை தெரிந்தது, நிரப்ப வழியில்லை. சுவர்க் கடிகாரத்தில் பதினோரு நிமிடங்கள் கடந்தன. ஒன்பது ஆண்டுகள் படித்தவள் வெட்கத்தால் தோற்பதா என்று தோன்றியது. அந்தப் பேரமைதியில் கையை உயர்த்தி, எனக்குப் பென்சில் வேண்டும் என்று உரக்கச் சொன்னேன். அரங்கில் பாதி திரும்பிப் பார்த்தது.

மேற்பார்வையாளர் என்னைவிட இளையவர்; முகம் கல். “பென்சில் இல்லாமயா பரீட்சைக்கு வந்தீங்க? அடுப்படிக்குக் கரண்டி இல்லாமப் போவீங்களா?” என்றார். கொண்டுவந்தேன், உபசாரமாகக் கொடுத்துவிட்டேன் என்றேன். “உபசாரமா! இங்கயுமா? அந்தப் பொண்ணு வாங்கிக்கிட்டாளாக்கும்?” ஆம் என்றேன். அவர் வாயைக் கையால் மூடிக்கொண்டார், தோள்கள் குலுங்கின. பிறகு வருகைப் பலகையில் கட்டியிருந்த பென்சிலின் நூலைப் பல்லால் கடித்து அறுத்து, “உபசாரம் இல்ல, உத்தரவு. பிடிங்க. எழுதுங்க” என்று என் நாற்காலியின் கைப்பலகையில் வைத்தார்.

எழுதினேன். எத்தனை மணி நேரம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. நடுவில் கொடுத்த கேக்கைக்கூட உண்ணாமல் ரஜபலிக்குக் கொண்டுவந்தேன்.

அவர் வெளியே பெற்றோர் கூட்டத்தில் நின்றிருந்தார். ஒருவர், “பொண்ணு உள்ள எழுதுதா?” என்று கேட்டிருக்கிறார். சம்சாரம் என்று இவர் சொல்ல, “ஓ, மேற்பார்வையா?” என்றாராம். “மேற்பார்வை எல்லாம் வீட்ல எனக்குத்தாங்க. இங்க அவ மாணவி” என்று இவர் சொன்னதைக் கூட்டமே கேட்டுச் சிரித்ததாம்.

வாயிலில் நெகார் ஓடிவந்து பென்சிலைத் திருப்பித் தந்தாள். “உங்ககிட்ட வேற இல்லன்னு அப்புறந்தான் தெரிஞ்சுதும்மா. மன்னிச்சுக்குங்க. ரெண்டு தடவை வேண்டாம்னு சொல்லணும்னு எனக்கும் தெரியும். ஆனா, மூணாவது தடவை நீங்க குடுக்காம விட்டுட்டா?” என்றாள். நெற்றியில் முத்தமிட்டு, பென்சிலை அவளிடமே வைத்துக்கொள்ளச் சொன்னேன். இம்முறை அவள் இருமுறை மறுத்தாள்.

மூன்று வாரங்களுக்கு முன் செய்தித்தாளில் பெயர்ப் பட்டியல் வந்தது. கடையில் மண்ணெண்ணெய்க் கையுடன் ரஜபலி விரலை ஓட்டிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிறுத்தினார். என் பெயரும், தந்தையார் பெயரும், அச்செழுத்தில். விரல் பட்ட இடத்தில் கறை. அதைத்தான் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறேன். பிறகு வந்த தரச்சீட்டின்படி எங்கள் பகுதியில் கலைப் பிரிவில் நூற்று எண்பத்தேழாம் இடம். இந்த எண்ணுக்குத் தெஹ்ரானில் சட்டம் படிக்க இடம் கிடைக்கக்கூடும் என்று விவரமறிந்தவர்கள் சொல்கிறார்கள். மனு எழுதிக் கொடுத்தே பழகியவள் ஒருநாள் அந்த மனுவுக்காக நீதிமன்றத்தில் எழுந்து பேசலாம் என்பதை நினைக்கும்போது, நிற்கும் இடத்திலேயே அமர்ந்துவிடுகிறேன்.

பாட விருப்பப் படிவத்தை இம்மாதம் இருபத்தெட்டாம் நாளுக்குள் அனுப்ப வேண்டும். இடம் கிடைத்தும் சேராதவர் அடுத்த ஆண்டு தேர்வெழுத இயலாது. ஆகவே தங்குமிடம் உறுதியாகாமல் தெஹ்ரான் என்று எழுத எனக்குத் துணிவில்லை. ரஜபலி ஒரே நிபந்தனை விதித்திருக்கிறார். “அண்ணன் வீடு இருக்கறப்ப நீ விடுதியில தங்கினா ஊரு என்னைப் பிச்சுடும். அவரு வான்னு சொன்னா நானே பெட்டியைத் தூக்கிப் பஸ்ல ஏத்தறேன். சோத்தைக் கருக்கிக்க எனக்குத் தெரியும். அவரு சொல்லலேன்னா இந்தப் பேச்சு வேண்டாம், ஸர்ரின்” என்றார். அதற்குமேல் நானும் வாதிடவில்லை.

தங்கள் மடல் ஒவ்வொன்றும் பதினெட்டு ஆண்டுகளாக ஒரே வரியில் முடிகிறது: முற்றத்து அறை உனக்காகவே காலியாக இருக்கிறது, வந்து எத்தனை நாள் வேண்டுமானாலும் இரு. நானும் ஒவ்வொரு முறையும் தங்கள் அன்பே போதும் என்று எழுதி வந்திருக்கிறேன். நம்மவர் மடலை முடிக்கும் முறை அது. நானும் பலருக்கு அவ்வாறே எழுதியிருக்கிறேன். அவர்களில் எவரும் வந்துவிடவில்லை.

அண்ணா, நான் வருகிறேன் என்று சொல்கிறேன். எத்தனை நாள் என்றால், நான்கு ஆண்டுகள்.

அண்ணி அவர்களின் அடுக்களையில் என்னால் சுமை இராது. பாதி வேலை என்னுடையது. ஒரு மேசை போதும். விருந்தினர் வந்தால் அறையை ஒழித்துக் கொடுப்பேன். அந்த அறையில் இப்போது வேறெவரோ, வேறெதுவோ இருக்கலாம். அல்லது அவ்வரி வெறும் வரியாகவே இருந்திருக்கலாம். அப்படியானால் அதையும் ஒளிக்காமல் எழுதுங்கள். தங்கள்மேல் எனக்குள்ள மதிப்பு ஒரு மயிரிழையும் குறையாது. நம் ஊரில் உள்ள பாடம் எதையாவது எழுதிக்கொள்வேன். இந்த ஒருமுறை மட்டும் தாங்கள் எனக்கு உபசாரம் செய்ய வேண்டாம்.

இறைவன் தங்கள் நிழலை எங்கள்மேல் நீட்டித்து அருள்வானாக. தங்கள் தோளில் பத்தொன்பது வயதில் ஏறிய பாரத்தை அவன் ஒருபோதும் மறவாதிருப்பானாக, நான் மறக்கவில்லை.

‘வா’ என்றோ ‘வேண்டாம்’ என்றோ ஒரே சொல் போதும். இருபத்தெட்டாம் நாளுக்குள் என் கைக்கு வரும்படி உடனே பதில் எழுதுங்கள்.

தங்கள் தங்கை,
ஸர்ரின்தாஜ்