பன்னிரண்டாவது கதிரை

முள்ளிவாய்க்கால்,
4.3.1959

என் அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி கிறிஸ்தோப்பர் எழுதிக்கொள்வது. மரியமலரும் பிள்ளைகளும் சுகம். இங்கே கூழ் காய்ச்சும் நாளெல்லாம் உங்களைச் சொல்லித்தான் குடிக்கிறோம். இந்தத் தபசுகால நோன்பு நாட்களில் கன்னியர் மடத்தில் உங்களுக்குக் கடிதம் கொடுப்பார்களோ தெரியாது. ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

பெரிய வியாழனன்று, ஆண்டவர் தம் சீடருக்குச் செய்ததுபோல, பங்குச் சுவாமி பன்னிரண்டு பேரைக் கதிரையில் இருத்திக் கால் கழுவுவார் அல்லவா? வருஷாவருஷம் முதல் கதிரை, சீடரில் தலைவரான இராயப்பரின் கதிரை, அண்ணாவியார் அல்பேர்ட்டுக்குத்தான். அவருக்குக் கூத்துப் பாட்டு இருக்கிறது. வாத்தியாருக்குப் படிப்பு. சம்மாட்டிக்குத் தோணியும் வலையும். எனக்கு என்ன இருக்கிறது? நான் பாடினால் தொட்டில் பிள்ளையும் எழும்பி அழும். பின்வாசலில் நின்று எட்டிப் பார்க்கிற ஆள் நான்.

இந்த முறை கோயில் மூப்பர் என்னைத் தேடி வீட்டுக்கே வந்தார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பிறகுதான் விஷயம் தெரிந்தது. கடைசிக் கதிரை, ஆண்டவரைக் காட்டிக்கொடுத்த யூதாஸின் கதிரையாம். போன வருஷம் அதில் இருந்தவரின் தோணி கவிழ்ந்ததால், இனி ஒருவரும் அதில் இருக்கமாட்டார்களாம். "உனக்கென்னடா தம்பி, கெட்டுப்போக உன்னட்டப் பேரா இருக்கு?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார்.

மரியமலர் போகவே கூடாது என்கிறாள். எனக்கோ ஒருமுறையாவது அந்த வரிசையில் இருக்க ஆசை. சொல்ல வெட்கமாக இருக்கிறது. நம் வீட்டு மூளை முழுக்க உங்களுக்குத்தானே வந்தது, நீங்கள் சொல்லுங்கோ. யூதாஸ் எழும்பிப் போனது கால் கழுவ முந்தியா, பிறகா? முந்தியென்றால், அந்த இடத்தில் ஆண்டவர் குனியவே இல்லை அல்லவா?

உங்கள் பதிலைப் பார்த்திருக்கும்,
கிறிஸ்தோப்பர்

கன்னியர் மடம்,
வவுனியா,
13.3.1959

அன்புத் தம்பி,

சேசுவுக்குத் தோத்திரம். மதர் உன் கடிதத்தை வாசித்துவிட்டு, இப்படி ஒரு கேள்வி கேட்கிற ஆள் யார் என்று விசாரித்தா.

பிறகுதான், தம்பி. சுவிசேஷத்தைத் திறந்து நானே பார்த்தேன். ஆண்டவர் எல்லாருடைய காலையும் கழுவினார். யூதாஸ் ஈரம் காயாத காலோடுதான் இறங்கிப் போனான். இன்னொன்றும் கண்டேன். அவன் விட்ட இடத்துக்குச் சீட்டுப் போட்டு மத்தியாஸ் என்றொருவரை எடுத்தார்கள். அவர் என்ன பேசினார், என்ன செய்தார் என்று அதற்குப் பிறகு வேதத்தில் ஒரு சொல்லும் இல்லை. அந்தக் கதிரை அவருடையதும்தான்.

மூளை முழுக்க எனக்கு வந்தது என்கிறாய். இங்கே வந்து பார். ஒருத்தி இங்கிலீசில் பொழிகிறா, ஒருத்தி ஆர்மோனியம் வாசிக்கிறா. நான் குசினியில் மீன் வெட்டுகிறேன். முழங்காலில் நிற்கும்போது, ஆண்டவருக்கு என் பேர் ஞாபகம் இருக்குமோ என்று சில நாள் யோசிப்பேன். இதை ஒருவரிடமும் சொன்னதில்லை.

போய் இரு. எனக்கும் சேர்த்து இரு. பெண்களை அந்தக் கதிரைகளுக்கு ஒருவரும் கூப்பிடுவதில்லை.

உன்னை மறவாத அக்கா,
மார்கிறட்

முள்ளிவாய்க்கால்,
29.3.1959, உயிர்த்த ஞாயிறு

அன்புள்ள அக்கா,

போய் இருந்தேன். மரியமலர் வேட்டியை நீலம் போட்டுத் தோய்த்துத் தந்தாள், ஆனால் முகம் கொடுக்கவில்லை. சுவாமி அண்ணாவியாரில் தொடங்கி, குனிந்தபடியே ஒவ்வொருவராக வந்தார். திருக்கை குத்தின தழும்போடு கிடக்கும் என் காலைப் பார்க்க எனக்கே கூச்சமாக இருந்தது.

வலது காலை மட்டும்தான் கழுவுவது என்று எனக்குத் தெரியாது. பின்வாசலில் நின்று பார்த்தவனுக்கு எப்படித் தெரியும்? இரண்டையும் நீட்டிவிட்டேன். "ஒண்டை எடடா" என்று மூப்பர் பல்லைக் கடித்தார். எதை எடுப்பதென்று தெரியாமல் விறைத்துப் போனேன். கோயில் முழுக்கச் சிரித்தது. அண்ணாவியாரும்தான். அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போல இருந்தது, அக்கா.

சுவாமி மட்டும் சிரிக்கவில்லை. வலது காலைக் கழுவித் துடைத்தார். பிறகு இன்னும் கொஞ்சம் தண்ணீர் வார்க்கச் சொல்லி, இடது காலையும் கழுவி முத்தமிட்டார்.

வலது கால் எனக்கு. இடது கால் உங்களுடையது என்று வைத்துக்கொண்டேன். வீடு வரைக்கும் அதை மணலில் பதமாகத்தான் ஊன்றி வந்தேன்.

உங்கள் தம்பி,
கிறிஸ்தோப்பர்