வியாழக்கிழமைகளில் பாதி மூடிய கடை

சித்தி,

இன்று காலை பலெர்மோவின் பல்லரோ சந்தையில் நானும் அம்மாவும் மீன் வாங்கிக்கொண்டு நின்றபோது பக்கத்துத் தேவாலயத்தில் ஒற்றை மணி அடிக்கத் தொடங்கியது. ஒன்று அடித்து, நெடுநேரம் விட்டு, இன்னொன்று. அதுவரை சந்தையே அதிரக் கூவிக்கொண்டிருந்த மீன்காரர் வாயை மூடிக்கொண்டார். எதிரே இருந்த இறைச்சிக் கடைக்காரர் நீளக் கம்பியால் இரும்புக் கதவைக் கொளுவி இழுத்து, பாதிவரை இறக்கினார். பெட்டி ஏற்றிய கறுப்பு வண்டி தெருமுனையால் மெதுவாகப் போனது. அம்மா சிலுவை அடையாளம் போட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா திரும்பிப் பார்த்தார், ஆனால் ஏனென்று கேட்கவில்லை. அவருக்கும் நீங்கள்தான் நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

அந்த மணிக் கதையை நீங்கள் எனக்குச் சொன்னது போன கோடையில், உங்கள் கடையில் பால் போத்தல்களை அடுக்கியபடி. இங்கே சீசாப் பகுதியில் எங்கள் மேல்மாடியில் இருந்த நீங்களும் சித்தப்பாவும் இங்கிலாந்தில் ஒரு கிராமத்துக் கடையை எடுத்து நடத்தப் போனபோது எனக்கு ஒன்பது வயது. போய் ஆறு வருடம் கழித்துத்தான் என்னை விடுமுறைக்கு அழைத்தீர்கள். நான் படித்த ஆங்கிலக் கதைப் புத்தகங்களில் கிராமமென்றால் யாராவது எப்போதும் தேநீர் குடித்துக்கொண்டிருப்பார்கள். உங்கள் ஊரில் முதல்நாள் நான் கண்டது ஒரு நாயையும் மழையையும் மட்டுமே.

ஒரே ஒரு தெரு. அதன் தலையில் சதுரக் கோபுரம் வைத்த கிறிஸ்தவக் கோயில், அடியில் ஓடை. நடுவில் உங்கள் கடை, அதற்குள்ளேயே ஒரு மூலையில் தபால் மேசை. எதிரே 'கலப்பை' என்ற மதுச்சாலை. செவ்வாயும் வெள்ளியும் மட்டும் வரும் பஸ். தகரக் கூரை போட்ட ஊர் மண்டபத்தில் திங்களன்று கிழவிகள் உடற்பயிற்சி செய்தார்கள், சனியன்று அதே கிழவிகள் கேக் விற்றார்கள். சிவப்புத் தொலைபேசிக் கூண்டில் தொலைபேசி இல்லை. ஒரு பக்கம் இதயம் நின்றவர்களுக்கு அதிர்ச்சி கொடுக்கும் இயந்திரம், மற்றப் பக்கம் யாரும் எடுத்துப் படிக்கக்கூடிய புத்தகங்கள். நான் அந்தக் கூண்டிலேயே பாதிக் கோடையைக் கழித்தேன். "பிள்ளை, ஆருக்கும் நெஞ்சு நிண்டா முதல் உன்னைத்தான் இழுத்து வெளியிலை போட வேணும்" என்றீர்கள்.

வீடுகளுக்கு அங்கே இலக்கம் இல்லை. பெயர்தான். பழைய பள்ளிக்கூடம், பழைய பேக்கரி, பழைய கொல்லன் பட்டறை. எல்லாவற்றிலும் இப்போது ஆட்கள் குடியிருந்தார்கள். ஊரின் வரலாற்றைப் படிக்கப் புத்தகம் தேவையில்லை, வாசல் பலகைகளைப் படித்துக்கொண்டு நடந்தால் போதும் என்று நான் சொன்னேன். நீங்கள் சிரித்தீர்கள். "நாங்கள் போனா இதுக்கும் 'பழைய கடை' எண்டு பலகை அடிப்பினம்."

கதை இதுதான். நீங்கள் அந்த ஊருக்குப் போன முதல் வியாழன் மாலை கோயிலில் மணி கேட்டது. ஒற்றை மணி, மெதுவாக. மன்னாரிலும் பலெர்மோவிலும் அப்படி அடித்தால் அதற்கு ஒரே ஒரு பொருள்தான். நீங்கள் ஓடிப்போய்க் கடைக் கதவைப் பாதி மூடி, வெளி விளக்கை அணைத்து, வாசலில் கைகட்டி நின்றீர்கள். சவம் வரவில்லை. அடுத்த வியாழனும் மணி அடித்தது. அதற்கடுத்ததும்.

"ஆர் செத்தது எண்டு கேக்க வெக்கமாயிருந்தது. ஊரிலை இருக்கிறதே கொஞ்சச் சனம். 'இப்பிடிக் கிழமைக்கு ஒண்டு போனா சாமான் வாங்க ஆர் மிஞ்சுவினம், இந்தக் கடையை எடுத்தது பிழையோ' எண்டு உன்ரை சித்தப்பா நித்திரை இல்லாமல் திரிஞ்சவர்."

கடைசியில், கோயில் மணியடிப்பவர்களின் தலைவியான மார்கரெட், அந்த உயரமான முதிய பெண், முட்டை வாங்க வந்த இடத்தில் தயங்கித் தயங்கிக் கேட்டாராம்: வியாழக்கிழமை உங்கள் சமயத்தில் ஏதாவது விரத நாளா? ஊர் முழுவதும் அப்படித்தான் நினைத்திருந்தது. அவர்கள் வியாழன்தோறும் மணியடித்துப் பழகுகிறார்கள் என்பதும், பழகுமுன் ஒரு மணியை மட்டும் மெதுவாக ஆட்டிப் பார்ப்பார்கள் என்பதும் அன்றுதான் உங்களுக்குத் தெரியவந்தது. அடுத்த வியாழன் நீங்களும் கோபுரத்தில் ஏறினீர்கள். மூன்றாம் மணி உங்களுடையதாயிற்று. ஆனாலும் போகும்போது கதவைப் பாதி மூடிவிட்டுப் போகும் பழக்கத்தை நீங்கள் விடவே இல்லை. "பழகிப்போச்சு" என்றீர்கள்.

போன பெப்ரவரியில் ஒரு காலை, பாண் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது நீங்கள் விழுந்தீர்கள். மூளைக்குள் இரத்தம் கசிந்ததாம். கூண்டுக்குள் இருந்த இயந்திரத்தால் அதற்கு ஒன்றும் செய்ய முடியவில்லை.

மறுநாள் எங்கள் சமையலறையில் நடந்ததை நீங்கள் அறியமாட்டீர்கள். உங்களை எங்கே அடக்குவதென்று மதியத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்று அங்குள்ள அடக்கச் சேவைக்காரர் சித்தப்பாவிடம் கேட்டிருந்தார். விமானத்தில் அனுப்புவதென்றால் பெட்டி வேறு, பத்திரங்கள் வேறு. மேசை நடுவில் தொலைபேசி கிடந்தது. அதிலிருந்து சித்தப்பாவின் குரல் எங்கோ குழிக்குள் இருந்து வருவதுபோல் வந்தது.

"அக்கா, நீங்கள் சொல்லுறதுதான். எனக்கொண்டும் ஓடேல்லை."

"இஞ்சை கொண்டு வாறதுதான். வேறை என்ன கதை?" என்றார் அம்மா. "அங்கை ஆர் இருக்கினம் அவளுக்கு? செபமாலை சொல்ல ஒரு சனம் இருக்கோ? முப்பத்தோராம் நாள் பூசைக்கு ஆர் வருவினம்?"

"மார்கரெட் வந்து கேட்டவ. இஞ்சை கோயில் வளவிலை வைக்கலாமாம்."

"அது புரட்டஸ்தாந்துக் கோயில். அதோடை, மார்கரெட் ஆர் கேக்க? சண்டைக்கை ஓடேக்கை அவளை இடுப்பிலை தூக்கிக்கொண்டு மடு மாதா கோயில் மட்டும் நடந்தது நான். மார்கரெட் இல்லை."

அம்மாவின் குரல் நடுங்கியது எதனாலென்று எனக்கும் அப்பாவுக்கும் தெரியும். எங்கள் இருவரிடமும் இத்தாலியக் கடவுச்சீட்டு உண்டு. அம்மாவிடம் இல்லை. அவருடைய பெர்மெஸ்ஸோ, அதாவது வதிவிட அனுமதி, புதுப்பிப்பதற்காகக் குவெஸ்தூராப் பொலிஸ் அலுவலகத்தில் இருந்தது. அவர்கள் கொடுத்த ரசீதுத் துண்டை வைத்துக்கொண்டு இங்கிலாந்துக்கு விசா எடுக்க முடியாது. உங்களை அங்கே அடக்கினால் அம்மாவால் ஒரு பிடி மண் போட முடியாது. இங்கே கொண்டுவந்தால் முடியும். அவ்வளவுதான்.

அப்பா கடிகாரத்தைப் பார்த்தார். நான் கழுவும் தொட்டியில் சாய்ந்து நின்றேன். உங்கள் கோயில் மதிலில் இருந்து நீங்கள் எனக்குச் சொன்ன வார்த்தைகள் நினைவுக்கு வந்தன. அவற்றைச் சொன்னால் அம்மாவின் கையிலிருந்து அந்த ஒரு பிடி மண்ணை நான்தான் பிடுங்கியவளாவேன். சொல்லாவிட்டால் உங்களைப் பெட்டிக்குள் அடைத்து விமானத்தில் ஏற்றிவிடுவார்கள்.

போன கோடையில் ஒரு வியாழன் மாலை நீங்கள் என்னையும் கோபுரத்துக்குக் கூட்டிப்போனீர்கள். சுவரோரம் ஒரு வாங்கில் இருத்தி, "கயிறைத் தொடாதை, காலை நீட்டாதை, வாய் திறக்காதை" என்றீர்கள். நான் மூச்சுவிடவும் பயந்தேன். மேலே கண்ணுக்குத் தெரியாத இடத்தில் மாட்டளவு பாரமான மணி ஒன்று தலைகீழாக நிற்கிறது, கீழே நீங்கள் ஒரு கயிற்றை மட்டும் பிடித்திருக்கிறீர்கள். கம்பளி சுற்றிய பிடியை இழுத்து, சரியான கணத்தில் விட வேண்டும். விடத் தவறினால் அது ஆளையே தூக்கிக்கொண்டு போகும். முதல் மாதம் ஒருமுறை உங்களைத் தூக்கியதாம். மார்கரெட் இடுப்பைப் பிடித்து இழுத்தாராம். அன்று உங்கள் முகத்தில் சிரிப்பே இல்லை. உங்களை அப்படி நான் கண்டதில்லை.

முடிந்து வெளியே வந்து கோயில் மதிலில் இருந்தோம். வெயில் இன்னும் போகவில்லை. நான் கல்லறைகளை வாசித்துக்கொண்டு போனேன். மகன், தகப்பன், அவருடைய தகப்பன் என்று ஒரே குடும்பப் பெயர் மதில்வரை வந்தது. போரில் இறந்தவர்களின் தூணிலும் அதே பெயர் இருந்தது.

"இவை ஒருநாளும் பொதி கட்டாத சனம்" என்றீர்கள்.

"போருக்குப் போயிருக்கினமே, சித்தி."

"ஓம். அதுக்கு மட்டும்." பிறகு காலை ஆட்டிக்கொண்டு, "எனக்கும் இஞ்சை இடமிருக்காம். மார்கரெட்டிட்டைக் கேட்டனான். ஊரிலை இருக்கிற ஆருக்கும் உரிமையாம், என்ன வேதமெண்டாலும்" என்று சிரித்தீர்கள். "செத்த பிறகும் என்னைப் பொதி கட்டக் கூடாது, பிள்ளை. மன்னாரிலை ஒருக்கா, கொழும்பிலை ஒருக்கா, பலெர்மோவிலை ஒருக்கா. காணும்."

அப்புறம் சிரிப்பு நின்றது. "அக்கா என்னைத் தூக்கினது காணும். இனி ஒருத்தரும் தூக்கக் கூடாது."

மதிலில் இருந்து இறங்கும்போது, "அம்மாட்டைச் சொல்லிப்போடாதை. அழுவா" என்றீர்கள். நான் ஓமென்று தலையாட்டினேன்.

அந்தத் தலையாட்டலோடுதான் சமையலறையில் நின்றேன்.

"அம்மா, சித்தி எனக்கு ஒண்டு சொன்னவ."

"இப்ப வேண்டாம், பிள்ளை."

"தன்னை அங்கைதான் வைக்க வேணுமெண்டு சொன்னவ."

தொலைபேசியில் சித்தப்பா மூச்சை இழுத்தது கேட்டது. அம்மா என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத எனக்கு விருப்பமில்லை.

"விளையாட்டுக்குச் சொல்லியிருப்பாள். அவள் எதைத்தான் சிரிக்காமல் சொன்னவள்?"

அதே சந்தேகம் எனக்கும் இருந்தது. விடுமுறை முடிந்து வந்த நாளிலிருந்து இருந்தது. அதனால் நான் ஒன்றையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. மதிலை, வெயிலை, கல்லறைப் பெயர்களை, பொதி கட்டுவதைச் சொன்னேன். கடைசியாக அந்த வசனத்தை நீங்கள் சொன்னபடியே சொன்னேன். "அக்கா என்னைத் தூக்கினது காணும்."

அம்மா கதிரையில் இருந்தார். அப்பா மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். கீழே தெருவில் ஒரு ஸ்கூட்டர் போய் ஓய்ந்தது.

"அதைச் சொல்லேக்கை சிரிச்சவளோ?"

"இல்லை. அதுக்கு முதல் சிரிச்சவ. அதைச் சொல்லேக்கை இல்லை."

அம்மா மேசைத் துணியைத் தடவினார். பிறகு யாரிடமும் இல்லாமல் பேசினார். "வழி முழுக்க அதைத்தான் கேட்டவள். 'அக்கா, இறக்கி விடு. அக்கா, இறக்கி விடு.' அஞ்சு வயசு. நான் விடேல்லை. விட்டா சனத்துக்கை துலைஞ்சுபோவாள் எண்டு பயம்."

தொலைபேசியைத் தன் பக்கம் இழுத்தார்.

"அங்கையே வையுங்கோ அவளை."

"அக்கா…"

"கூறைச்சீலையை உடுத்திவிடுங்கோ. கடைச் சட்டையோடை கிடத்திப்போடாதையுங்கோ. பக்கத்து டவுணிலை இருந்து எங்கடை பாதர் ஒருத்தரைக் கூப்பிட்டு அந்தக் குழியை மந்திரிக்கச் சொல்லுங்கோ." பிறகு, "மணி அடிப்பினமோ?" என்று கேட்டார்.

அடக்கத்துக்கு அப்பா மட்டும் போனார். நான் அம்மாவோடு இருந்தேன். சீனிப் பேணியில் தொலைபேசியைச் சாய்த்துவைத்து இருவரும் பார்த்தோம். அப்பா படம் பிடித்துக்கொண்டு பெட்டிக்குப் பின்னால் நடந்தார். படம் ஆடியது. முதலில் எனக்கு ஒன்றும் புரியவில்லை. மதுச்சாலையின் கதவு பாதி மூடியிருந்தது. பழைய பள்ளிக்கூடத்தின் கதவும், பழைய பேக்கரியின் கதவும் பாதி மூடியிருந்தன. ஒவ்வொரு கதவின் முன்னாலும் ஆட்கள் மழையில் கைகட்டி நின்றார்கள், நீங்கள் நின்றதுபோலவே. சவத்துக்குச் செய்யும் மரியாதை நீங்கள் பிறந்த ஊரில் அப்படித்தான் என்று மார்கரெட் வீடு வீடாகப் போய்ச் சொல்லியிருக்கிறார்.

பிறகு மணிகள். ஒரு சுற்று உரத்துக் கேட்டது. அடுத்த சுற்று எங்கோ தூரத்து ஊரில் அடிப்பதுபோல் மங்கியது. மறுபடி உரத்து, மறுபடி மங்கி.

"சிக்னல் போகுதோ?" என்று அம்மா தொலைபேசியைத் தூக்கினார்.

"இல்லையக்கா" என்றது சித்தப்பாவின் குரல். "மணி நாக்கிலை ஒரு பக்கம் தோல் கட்டியிருக்கினம். தங்கடை ஆள் ஒருத்தர் செத்தா அப்பிடித்தான் அடிக்கிறவை."

"தங்கடை ஆள்" என்று அம்மா மெதுவாகத் திருப்பிச் சொன்னார். பெட்டி இறங்கியபோது வலது கையைப் பொத்தி, மேசைக்கு மேலே நீட்டி, விரித்தார். கையில் ஒன்றும் இருக்கவில்லை.

சித்தப்பா இன்னும் கடையை நடத்துகிறார். அது இன்னும் 'பழைய கடை' ஆகவில்லை. அம்மாவின் பெர்மெஸ்ஸோ வந்துவிட்டது. அடுத்தது விசா. நீங்கள் விட்டுப்போனவற்றில் என்னிடம் இருப்பது உங்கள் பிழைதான். வியாழன் மாலை அங்கே ஏழரை ஆகும்போது இங்கே எட்டரை. அந்த நேரத்துக்கு என் யன்னலின் சுருட்டுக் கதவைப் பாதிவரை இறக்கிவிடுகிறேன். ஏனென்று அம்மா கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

இந்த வியாழன் எனக்குப் பரீட்சைப் படிப்பு. மறந்துபோனேன். புத்தகப் பக்கத்தில் திடீரென்று நிழல் விழுந்தபோது நிமிர்ந்து பார்த்தேன். அம்மா யன்னலருகே சுருட்டுக் கதவின் பட்டியைப் பிடித்தபடி நின்றார். கதவு பாதியில் நின்றது.

"அங்கை தொடங்கியிருப்பினம்" என்றார்.