ஓடைக்கரைச் சங்கு

ஓடை வீடு,
ஹலேயிவா மலைச் சாலை
2019 பிப்ரவரி 4

ஹனலேக்கு,

நீயும் மெலியாவும் நலமா? வேனின் பிரேக்கைச் சரி பார்த்தாயா? சரிவில் இறங்கும்போது அது கீச்சிடுவது மேலே என் சமையலறை வரை கேட்கிறது.

தினமும் மத்தியானம் நான் ஆமைகளுக்குக் காவல் நிற்கும் கடற்கரையில் உன்னைப் பத்தடி தூரத்தில் பார்க்கிறேன். அப்படியிருந்தும் தபால்தலை ஒட்டித்தான் நலம் விசாரிக்க வேண்டியிருக்கிறது. "வாயால இனி உன்கூட ஒரு வார்த்தை பேச மாட்டேன்" என்று எல்லார் முன்னாலும் கத்தியது நான்தான், மறுக்கவில்லை. கையால் எழுதமாட்டேன் என்று சொல்லவில்லையே. பழக்கடை ஆன்ட்டி சுமிகோவிடம் சொல்லியனுப்பலாம் என்று பார்த்தேன். "அக்காவும் தம்பியும் மூஞ்சிய தூக்கிட்டு நிப்பீங்க, நடுவுல நான் என்ன தபால் பெட்டியா?" என்று விரட்டிவிட்டாள்.

நேற்று உன் சுற்றுலா வேனிலிருந்து இறங்கிய ரோஜா நிறத் தொப்பிக்காரர் என்ன செய்தார் தெரியுமா? சிவப்புக் கயிற்றைத் தாண்டிப் போய் நம் ஹிலாஹிலா ஆமையின் ஓட்டின் மேல் கையை வைத்துவிட்டார். பாவம், அது அப்போதுதான் கரையேறிக் கண்ணை மூடியிருந்தது. "சார், கைய எடுங்க. அது வெயில் காயுது, உங்களுக்காக போஸ் குடுக்கல" என்றேன். அவர் உன்னைப் பார்த்தார். நீ சோற்றுக்கட்டியைத் தின்றுகொண்டு அலையை வேடிக்கை பார்த்தாய். வேனில் ஏற்றும்போதே ஆமையைத் தொடாதீர்கள் என்று சொல்ல உனக்கு வாய் வலிக்கிறதா?

ஆமை விஷயத்தை விட்டுவிடுகிறேன். நான் எழுத உட்கார்ந்தது சங்கைப் பற்றி.

அப்பா கண்ணை மூடிய வாரமே சுவரிலிருந்து அவருடைய பெரிய சங்கை எடுத்துக்கொண்டு போனாய். கேட்டிருந்தால் நானே கொடுத்திருப்பேன். ஆனால் அதை நம் அருவிக்குளத்தில் விருந்தாளிகள் நடுவில் நின்று ஊதிக் காட்டுகிறாயே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை, அன்று அப்படிக் கத்தியதும் அதற்குத்தான். அந்த ஓடையில் சங்குக்கு ஒரே அர்த்தம்தான். மேலே வளைவில் தண்ணீர் செம்மண் நிறமாகிவிட்டது, குளத்தில் இருப்பவன் எல்லாவற்றையும் போட்டுவிட்டுக் கரையேறு. சின்ன வயதில் நீ அந்தச் சத்தம் கேட்டுக் கால்சட்டைகூட இல்லாமல் ஓடி வந்திருக்கிறாய். அதை இப்போது வரவேற்பு மேளம் ஆக்கிவிட்டாய்.

அந்தப் பள்ளத்தில் போன் எடுக்காது. நாளைக்கு நிஜமாகவே வெள்ளம் வந்தால் நான் உன்னை எப்படிக் கூப்பிடுவேன்? யோசி. கடற்கரையில் ஊது, வேனில் ஊது, உன் முதலாளி வீட்டு வாசலில் போய் ஊது. ஓடையில் மட்டும் வேண்டாம்.

ஈரப்பலாக்காய் பழுத்துவிட்டது. இரண்டை ஆன்ட்டி கடையில் வைத்திருக்கிறேன். மெலியாவுக்குக் கொடு.

உன் அக்கா,
உலுலானி


ஹலேயிவா
2019 பிப்ரவரி 9

அன்புள்ள அக்கா,

ஈரப்பலா கிடைத்தது. மெலியா நெருப்பில் சுட்டாள். ஒன்றை நானே தின்றுவிட்டேன், அதற்கும் ஒரு கடிதம் எழுதிவிடாதே.

ரோஜாத் தொப்பிக்காரரிடம் வேனில் சொன்னேன் அக்கா, சத்தியமாகச் சொன்னேன். அவர் காதில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. நான் அலையைப் பார்த்தேன் என்கிறாயே, வேறு எங்கே பார்ப்பது? உன் முகத்தைப் பார்த்தால் சோறு இறங்குமா?

சங்கு விஷயத்தில் நீ என்னை ஏதோ கோயில் உண்டியலை உடைத்தவன் மாதிரி பேசுகிறாய். வாரம் முழுவதும் எட்டுப் பேர், பத்துப் பேர் என்று ஏற்றிக்கொண்டு ஒரே சாலையில் போய் வருகிறேன். பெரிய பஸ்காரர்கள் கூட்டம் கூட்டமாகக் கொண்டுபோய் நுழைவுச்சீட்டு வாங்கும் அருவியில் கொட்டுகிறார்கள். எங்கள் வேனைத் தேடி ஆட்கள் வருவது எதற்கு? நம் குளம் சின்னது, அமைதியானது, அங்கே சங்குச் சத்தம் பாறையில் மோதித் திரும்பி வரும், அதற்குத்தான். போன வாரம் ஒரு பெண் அழுதே விட்டாள். முதலாளி விளம்பரத்தில் அந்தச் சங்கைத்தான் போட்டிருக்கிறார். அதை நிறுத்தச் சொல்வது என் பிழைப்பை நிறுத்தச் சொல்வது மாதிரி.

அப்பா சொல்லிக்கொடுத்த எதையும் நான் விடவில்லை. இலையில் கல்லைச் சுற்றிப் பாறையில் வைத்து, ஓடையிடம் அனுமதி கேட்டுவிட்டுத்தான் யாரையும் தண்ணீரில் இறக்குகிறேன். வானத்தையும் பார்க்கிறேன். எனக்கும் கண் இருக்கிறது.

நீயும் வேனில் வாயேன். ஆமைக் கதைகளை உன்னைப் போல யார் சொல்வார்கள்? ஓ, மறந்துவிட்டேன், நீதான் வாயைத் திறக்கமாட்டாயே.

தம்பி,
ஹனலே


ஓடை வீடு
2019 பிப்ரவரி 15

ஹனலேக்கு,

கிண்டலா? சரி.

வானத்தைப் பார்க்கிறாயாம். உன் தலைக்கு மேலே இருக்கும் வானத்தைப் பார்த்து என்ன பிரயோஜனம்? மலை முகட்டில் கொட்டுவது குளத்தில் நிற்பவனுக்குத் தெரியுமா? கடற்கரையில் வெயில் காயும்போதுதான் ஓடை அடித்துக்கொண்டு வரும். இந்த மாதம் முழுக்க மேலே மழை. மண் நிறைய குடித்துவிட்டது, இனி ஒரு சொட்டையும் உள்ளே வாங்காது.

அம்மாவின் சின்னச் சங்கு இன்னும் ஆணியில் தொங்குகிறது. நீ இப்படியே ஆடினால் ஒருநாள் நானும் மேலிருந்து ஊதுவேன். உன் விருந்தாளிகள் எது காட்சி, எது நிஜம் என்று தெரியாமல் திருதிருவென்று விழிக்கட்டும். அப்போதாவது உனக்கு உறைக்கும்.

உன் அக்கா,
உலுலானி

பி.கு.: உன் இருமல் எப்படி இருக்கிறது? கடற்கரையில் கேட்டது. இஞ்சியைத் தட்டிப் போட்டுக் குடி.


ஹலேயிவா
2019 பிப்ரவரி 22

அக்கா! என் தங்கமான அக்கா!

சொன்னபடியே ஊதிவிட்டாயே! நேற்று நான் ஊதி முடித்து வாயை எடுக்கவில்லை, மேலிருந்து உன் சங்கு. ஒரு நொடி வெள்ளம் என்றே நினைத்தேன். ஒரு காலைக் கரையில் வைத்தே விட்டேன். அப்புறம்தான் உன் கடிதம் ஞாபகம் வந்தது. தண்ணீரைப் பார்த்தேன், கண்ணாடி மாதிரி இருந்தது.

விருந்தாளிகள் என்னைப் பார்க்கிறார்கள். என்ன சொல்வது? "மேல எங்க அக்கா இருக்காங்க, உங்கள வரவேற்கிறாங்க" என்று அடித்துவிட்டேன். ஒரே கைதட்டல்! நான் திருப்பி ஊதினேன், நீயும் விடாமல் ஊதினாய். நீ கோபத்தில் ஊதினாய் என்று எனக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாதே. மலையே பேசுகிறது என்று ஒருவர் சொன்னார்.

முதலாளிக்குக் காது வரை சிரிப்பு. "உங்க அக்காவ தினமும் ஊதச் சொல்லு" என்கிறார். நீ எனக்குக் குழி வெட்டப் பார்த்தாய், அதில் பூச்செடி முளைத்துவிட்டது. நீ ஊதாவிட்டாலும் பரவாயில்லை. ஊதினால் எட்டு மணிக்கு மேல் ஊது, அதற்கு முன் நாங்கள் வரமாட்டோம்.

இஞ்சி குடித்தேன். இருமல் குறைந்திருக்கிறது.

உன் தம்பி,
ஹனலே


ஹலேயிவா
2019 மார்ச் 13

அக்கா,

நேற்று சாயங்காலம் மேலே ஏறி வந்து உன் கட்டிலுக்கு முன்னால் நின்றேன். கணுக்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. "வலிக்குதா அக்கா?" என்றேன். தலையை ஆட்டினாய். "ஏதாவது பேசுக்கா" என்றேன். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாய். அதனால் மறுபடி பேனாவை எடுத்திருக்கிறேன். கீழே என்ன நடந்தது என்று நீ பார்க்கவில்லை. உனக்குத் தெரிய வேண்டும்.

நேற்றுக் காலையில் வெயில் நன்றாக அடித்தது. எட்டுப் பேரும் தண்ணீரில் இருந்தார்கள். அவர்களில் வயதான ஓல்சன் அம்மாளுக்கு முட்டி வலி, நடுப்பாறையில் உட்காரவைத்திருந்தேன். நான் ஊதினேன். கொஞ்ச நேரத்தில் நீ ஊதினாய். எல்லாரும் கைதட்டினார்கள். நானும் சிரித்துக்கொண்டே திருப்பி ஊதினேன்.

நீ மறுபடி ஊதினாய். நீளமாக. மறுபடியும். "உங்கள் அக்காவுக்கு இன்று உற்சாகம்" என்றார் ஒருவர். எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? எரிச்சல். அளவுக்கு மீறிப் போகிறாளே, எல்லாரையும் பயமுறுத்தி என் வேலைக்கு உலை வைக்கத்தான் இப்படிச் செய்கிறாள் என்று நினைத்தேன். இதை எழுதக் கை கூசுகிறது. நீ அங்கே உயிரைக் கொடுத்து ஊதிக்கொண்டிருக்கிறாய், நான் இங்கே பல்லைக் கடித்துக்கொண்டு உன் மேல் கோபப்படுகிறேன். உன் சத்தத்தை அமுக்குவதற்காக இன்னும் பலமாக ஊதினேன் அக்கா. அவ்வளவு மடையன் நான்.

அப்புறம் உன் சங்கு நின்றது. அப்பாடா, சலித்துவிட்டாள் என்று நினைத்தேன்.

பிறகு அருவியின் தலைமாட்டிலிருந்து, "டேய் ஹனலே! மேல ஏறுடா! ஏறு!"

உன் குரல். ஏழு மாதமாக என்னைக் கூப்பிடாத குரல். எனக்கு யோசிக்கவே தோன்றவில்லை. நீ என்னிடம் வாயைத் திறந்துவிட்டாய் என்றால் உலகம் இடிந்து விழுகிறது என்றுதான் அர்த்தம். "எல்லாத்தையும் போட்டுட்டு ஓடுங்க!" என்று கத்தினேன். பையை எடுக்கப் போனவனின் சட்டையைப் பிடித்து இழுத்துக் கரையில் எறிந்தேன். சங்கைப் பாறையில் வைத்துவிட்டு ஓல்சன் அம்மாளை முதுகில் தூக்கிக்கொண்டேன். அந்த அம்மாள் என் காதிலேயே ஜபம் சொல்லிக்கொண்டு வந்தார். வேர்களைப் பிடித்து ஏறித் திரும்பிப் பார்த்தால், அருவி காபி நிறத்தில் இருக்கிறது. ஒரு முழு மரம் செங்குத்தாக வந்து குளத்தில் விழுந்தது. அந்த அம்மாள் உட்கார்ந்திருந்த பாறையே கண்ணில் படவில்லை.

எல்லாரும் பிழைத்தார்கள். ஒருவருக்கும் கீறலுக்கு மேல் இல்லை. நீதான் விழுந்து காலை ஒடித்துக்கொண்டாய். அந்த வழுக்குப் பாறைகளில் எப்படி அக்கா ஓடி வந்தாய்?

அப்பாவின் சங்கு போய்விட்டது. இன்று காலை கடல் முகத்துவாரம் வரை தேடினேன். கிடைக்கவில்லை.

என்னைத் திட்டு. வாயால் திட்டு. ஒருமுறை திறந்த வாய்தானே?

உன் தம்பி,
ஹனலே


ஓடை வீடு
2019 மார்ச் 17

அன்புத் தம்பி ஹனலே,

கால் ஒடியவில்லை, சுளுக்குதான். ஆன்ட்டி சுமிகோ தினமும் வந்து சூப் வைத்துக் கொடுக்கிறாள், கூடவே ஊர் வம்பும். ஹிலாஹிலா மூன்று நாளாகக் கரைக்கு வரவில்லையாம். ஓடைச் சேறு கடலில் கலந்து தண்ணீர் கலங்கியிருக்கிறது. தெளிந்ததும் வரும்.

சங்குக்காக அழுதேன். நீயும் அழுதிருப்பாய். அதை விடு. நீயும் அந்த எட்டுப் பேரும் இருக்கிறீர்களே.

நீ வந்து நின்றபோது நான் ஏன் பேசவில்லை என்று குமைந்துகொண்டிருப்பாய். கோபம் என்று நினைக்காதே. அன்று வளைவில் தண்ணீர் நிறம் மாறியதும் ஊதினேன். கீழே கைதட்டினார்கள். ஊதினேன், கைதட்டினார்கள். உதடு வெடித்து ரத்தம் வந்தது. நீ உற்சாகமாகத் திருப்பி ஊதுகிறாய். ஐயோ, அந்தக் கைதட்டல் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை. அப்பா காலத்திலிருந்து ஆட்களைக் காப்பாற்றிய சத்தத்தை நீ காட்சிக்கு ஊதினாய், நான் வீம்புக்கு ஊதினேன். இரண்டு பேரும் சேர்ந்து அதைக் கொன்றுவிட்டோம். சின்னச் சங்கை ஆணியிலிருந்து இறக்கி அலமாரியில் வைத்துவிட்டேன். இனி இந்த ஓடையில் அது யாருக்கும் எதையும் சொல்லாது.

என்னிடம் மிச்சமிருந்தது குரல் ஒன்றுதான். உன்னோடு பேசாமல் இருந்ததால்தான் அது உனக்கு உறைத்தது. தினமும் "சாப்பிட்டியா, தூங்கினியா" என்று பேசிக்கொண்டிருந்தால் அன்று, அக்கா மேலே இருந்து ஏதோ கத்துகிறாள் என்று கையை ஆட்டியிருப்பாய். இல்லை என்று சொல்லு பார்ப்போம்.

முதலாளி உன்னிடம் என்ன சொன்னார் என்று ஆன்ட்டி சொன்னாள். தண்ணீர் வடிந்ததும் மறுபடி குளத்துக்கு ஆள் கொண்டுபோக வேண்டுமாம். இந்த முறை வெள்ளக் கதையையும் சேர்த்துச் சொல்ல வேண்டுமாம். நீ தலையைச் சொறிந்தாயாம்.

அதனால் கேள் ஹனலே. நீ அந்தக் குளத்தில் ஆட்களை இறக்குவதை நிறுத்தும் வரை நான் உன்னோடு பேசமாட்டேன்.  நீ கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றபோது கட்டிக்கொண்டு அழ வேண்டும் போல இருந்தது, அதனால்தான் சுவரைப் பார்த்துப் படுத்தேன். ஆனால் இந்தக் குரலையும் செலவழித்துவிட்டால் உன்னைக் கூப்பிட என்னிடம் வேறொன்றும் இல்லை. உன்னோடு பேசாமல் வேண்டுமானால் இருப்பேன், உன்னைப் பிணமாகப் பார்க்கமாட்டேன்.

அதை விட்டுவிட்ட அன்றைக்கு வா. வாசலில் செருப்பைக் கழற்று. ஏழு மாதத்துக்கும் சேர்த்து உன் காது புண்ணாகும் வரை பேசுகிறேன்.

உன் அக்கா,
உலுலானி


உன் வீட்டு வாசல்
மார்ச் 20, சாயங்காலம்

அக்கா,

கதவுக்கு அடியில் இதைத் தள்ளுகிறேன். மளிகைச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன், கையெழுத்தைக் கிண்டல் செய்யாதே.

இன்று காலை முதலாளியிடம் சொல்லிவிட்டேன். "எங்க அப்பா குளத்துல இனிமே யாரையும் இறக்க மாட்டேன். நுழைவுச்சீட்டு அருவிக்கும் ஆமைக் கடற்கரைக்கும்னா வண்டி ஓட்டுறேன். இல்லேன்னா வேற ஆளப் பாருங்க." அவர் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று வேன் சாவியை வாங்கிக்கொண்டார். மெலியா திட்டுவாள் என்று பயந்தேன். "முதல்ல போய் உங்க அக்காகிட்ட சொல்லுங்க" என்று அவள்தான் என்னைத் தள்ளிவிட்டாள்.

நடந்தே மேலே வந்தேன். கீழே தண்ணீர் தெளிந்துவிட்டது. வளைவில் நின்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

செருப்பைக் கழற்றிவிட்டேன். இங்கே தூறுகிறது. உள்ளே கட்டிலிலிருந்து நீ எழுந்திருக்கும் சத்தம் கேட்கிறது. மெதுவாக வா, கால் பத்திரம். நான் எங்கேயும் போகப் போவதில்லை.

ஹனலே