இருபத்துமூன்று விதைகளும் ஒரு கார்டுராய் கோட்டும்

பிப்ரவரி 2

மெழுகுதிரித் திருநாள். ஊரே கிரெப் என்கிற மெல்லிய மாவுத் தோசை சுட்டுத் தின்றுகொண்டிருக்கிறது. நான் உள்பாடிக்குள் ஒரு சின்னத் துணிப்பை தைத்து, அதில் இருபத்துமூன்று முலாம்பழ விதைகளை வைத்துக்கொண்டேன்.

என் புருஷன் ரெஜிஸ் வீட்டு வழக்கம் இது. இன்றிலிருந்து ஏப்ரல் வரை விதை உடம்புச் சூட்டிலேயே கிடக்க வேண்டும். அப்போதுதான் கொடி வெறும் இலையாக ஓடித் திரியாமல் ஒழுங்காகக் காய்க்குமாம். ரெஜிஸ் கோட்டின் உள்பையில் வைத்துக்கொள்வான். இப்போது அவனும் இல்லை, கோட்டும் இல்லை. என்னிடம் அதைவிடச் சூடான இடம் இருக்கிறது. அறுபத்திரண்டு வயதில் அதற்கு வேறு வேலையும் இல்லை.

ஏன் இருபத்துமூன்றே என்றால், போன கோடை முழுக்க மழை. ஒரே ஒரு பழம்தான் தேறியது, அதுவும் பாதி அழுகல். விதைகளைத் தண்ணீரில் போட்டேன். மிதந்ததெல்லாம் சக்கை. மூழ்கியது இவ்வளவுதான். பழைய விதை டப்பாவை ரெஜிஸ் என்னை விட்டுப்போன வருடமே எலி தின்றுவிட்டது. இந்த வீட்டில் எலிப்பொறி வைப்பது அவன் வேலையாக இருந்தது.

உலகத்தில் இந்தப் பழம் வேறு யாரிடமும் இல்லை. இதற்குப் பெயர் பாதிரியார் குண்டி. நான் வைத்த பெயர் இல்லை, அவன் குடும்பம் இருநூறு வருடமாக அப்படித்தான் சொல்கிறது. அடிப்பக்கத்தைப் பார்த்தவர்கள் யாரும் ஏன் என்று கேட்டதில்லை.

பிப்ரவரி 9

ரொட்டிக்கடையில் புதுப் பாதிரியாரைப் பார்த்தேன். ஃபாதர் கொம்லான், டோகோ நாட்டுக்காரர். நவம்பரில் வந்தவர், வந்த நாளிலிருந்து நடுங்கிக்கொண்டே இருக்கிறார். இரண்டு ஸ்வெட்டர், கழுத்தில் துண்டு, அதற்கு மேலே — ரெஜிஸின் பழுப்புக் கார்டுராய் கோட்டு! முழங்கையில் நான் வைத்துத் தைத்த பச்சை ஒட்டு அப்படியே இருக்கிறது. இரண்டு வருடம் முன்பு மார்ச்சில், மருந்துக்கடை சொலாஞ்சோடு அவன் ஆற்றுக்கு அந்தப் பக்கம் குடிபோன அன்றைக்கே, அந்தக் கோட்டைச் சுருட்டிக் கோயில் தர்மப் பெட்டியில் திணித்தேன்.

"கோட்டு நல்லா இருக்கே ஃபாதர்" என்றேன்.

"கடவுள் குடுத்தது, மேடம்."

"அவர் இல்ல, நான் குடுத்தது."

முப்பத்தோரு வருடத்தில் ரெஜிஸ் கோயில் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. அவன் கோட்டு இப்போது ஞாயிறு தவறாமல் பூசை வைக்கிறது. வீடு வரும்வரை சிரித்துக்கொண்டே வந்தேன். ரொட்டியைக் கடையிலேயே விட்டுவிட்டேன்.

மார்ச் 17

உள்பாடி அரிக்கிறது.

ஏப்ரல் 6

ரெஜிஸ் வந்தான். கேட்டுக்கு வெளியே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றான். உள்ளே கூப்பிடவில்லை.

"மரிவோன், ஆகஸ்ட்ல எனக்கு எழுபது வருது."

"வரட்டும். யாரு வேணாம்னா?"

"எங்கம்மா முலாம்பழம் சாப்பிட்டு ரெண்டு வருஷம் ஆச்சு. அஞ்சே அஞ்சு விதை குடு. சொலாஞ் வீட்டுல வெயில் படுற சுவர் ஒண்ணு இருக்கு."

சொலாஞ் வீட்டுச் சுவரில் பாதிரியார் குண்டியா? எனக்குக் கோபம் மண்டைக்கு ஏறியது. விதை அவன் வீட்டுடையதுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வருடா வருடம் விடியலில் எழுந்து, என் பழைய காலுறையைக் கிழித்து ஒவ்வொரு பூவுக்கும் வாயைக் கட்டியது யார்? பக்கத்துத் தோட்டத்தில் பெர்த்ரான் கடை விதை போடுகிறான். தேனீக்களுக்கு ஒழுக்கம் கிடையாது. அந்தப் பூவில் விழுந்து புரண்டு இந்தப் பூவுக்கு வரும். அதைத் தடுத்தது நான். தேனீயைத் தடுத்தவள், புருஷனைத் தடுக்கத் தெரியாமல் விட்டேன்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை வந்து கேளு" என்று மட்டும் சொன்னேன்.

ஏப்ரல் 8

எல்லாவற்றையும் விதைத்துவிட்டேன். இருபத்துமூன்றும். கண்ணாடிப் பெட்டிக்குள், சாணிச் சூட்டில்.

பாதியை எடுத்து வைக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் வீட்டில் ஒரு விதை இருந்தால் இல்லை என்று பொய் சொல்ல வேண்டும். எனக்குப் பொய் வராது, முகம் சிவந்துவிடும், அவன் கண்டுபிடித்துவிடுவான். இப்போது தைரியமாகச் சத்தியம் செய்யலாம்.

ஏப்ரல் 13

செய்தேன். "இந்த வீட்டுல ஒரு விதை கிடையாது, எங்கம்மா மேல சத்தியம்" என்றேன். முகம் சிவக்கவில்லை.

அவன் என்னைப் பார்த்தான், தன் வெறுங்கையைப் பார்த்தான், தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டான். சண்டை போடுவான் என்று எதிர்பார்த்தேன். நாலு வார்த்தை தயாராக வைத்திருந்தேன். எல்லாம் வீண்.

ஜெயித்துவிட்டேன். பிறகு ஏன் ஆட்டுப் பாலாடைக்கட்டியைக் கடிக்காமலே மூடி வைத்தேன்?

ஏப்ரல் 27

இருபத்தொன்று முளைத்துவிட்டது! ஒவ்வொன்றும் குட்டிக் கை இரண்டை விரித்துக்கொண்டு நிற்கிறது. அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன். பேசினேன் என்றும் சொல்லலாம்.

மே 10

வெளியே நட்டாயிற்று. மேலே மூடியிருந்த கண்ணாடியையும் எடுத்துவிட்டேன்.

தெரியும், தெரியும். பனிப் புனிதர்கள் மூவரும் இன்னும் வரவில்லை. மாமெர், பாங்கிராஸ், செர்வே — பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று. அவர்கள் மூன்று பேரும் கடந்து போகாமல் தோட்டத்தில் மென்மையானதை எதையும் வெளியே எடுக்கக்கூடாது என்று இங்கே நடக்கப் பழகும்போதே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். ஆனால் இன்று வெயில் மண்டையைப் பிளக்கிறது. வானொலிக்காரனும் பயமில்லை என்கிறான். செத்து ஆயிரத்தைந்நூறு வருடமான மூன்று கிழவர்களுக்கு என் தோட்டத்தில் என்ன வேலை?

சரி, உண்மையையே எழுதுகிறேன். நாளை ஞாயிறு. ரெஜிஸ் காலையில் சைக்கிளில் இந்த வழியாகத்தான் போவான். இருபத்தொரு செடியும் வரிசையாக நிற்பதை அவன் பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

மே 11

பார்த்தான். சைக்கிளை நிறுத்தினான். எண்ணினான் என்று நினைக்கிறேன். மறுபடி ஏறி மிதித்துக்கொண்டு போனான்.

மே 12

போச்சு.

மே 13

எழுதிவிடுகிறேன், எழுதினால்தான் ஆறும். நேற்றுக் காலை புல்லெல்லாம் வெள்ளையாகக் கிடந்தது. செருப்புகூடப் போடாமல் ஓடினேன். இருபத்தொன்றும் கருத்து, வெந்த கீரை மாதிரி மண்ணோடு ஒட்டிக்கிடந்தது. ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். ஒண்ணுகூட இல்ல. ஒண்ணே ஒண்ணு வெச்சிருந்தா என்ன குறைஞ்சுபோயிருக்கும்?

மாமெரையும் பாங்கிராஸையும் வாய்க்கு வந்தபடி திட்டினேன். செர்வேயையும் முன்கூட்டியே திட்டி வைத்தேன். பிறகு கிணற்றடியில் உட்கார்ந்து அழுதேன். மாமியார் செத்தபோதுகூட இப்படி அழவில்லை. அழாததற்குக் காரணம் உண்டு, அது வேறு கதை.

இருநூறு வருடம். சண்டை, பஞ்சம், கொள்ளைநோய், என் மாமியார் — எல்லாவற்றையும் தாண்டி வந்த பழம். நான் கொன்னுட்டேன். அவன் வயிறு எரியட்டும் என்று செய்தது, இப்போது என் வயிறு எரிகிறது.

ஜூலை 14

தேசியத் திருநாள். பெர்த்ரான் அவனுடைய கடைவிதை முலாம்பழத்தில் ஒரு துண்டு, மேலே ஹாம் வைத்து, வேலிக்கு மேலாக நீட்டினான். வெள்ளரிக்காய்க்குச் சர்க்கரை வியாதி வந்த மாதிரி இருந்தது. "அருமை" என்றேன். பொய் சொல்ல வருகிறது எனக்கு! ஏப்ரலில் தெரிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

ஆகஸ்ட் 22

இன்று அவனுக்கு எழுபது. காலையில் போய்ச் சொல்லிவிடலாம் என்று பாலம் வரை நடந்தேன். பாலத்தில் நின்று மீன் பார்த்தேன். திரும்பிவிட்டேன்.

செப்டம்பர் 14

இன்று நடந்ததை முழுதாக எழுத வேண்டும்.

மத்தியானம் ரெஜிஸ் வந்தான். கேட்டுக்கு வெளியேதான் நின்றான்.

"விதை வேணாம், மரிவோன். பழம் காய்ச்சிருக்குமே. ஒரு துண்டு குடு, இங்கயே நின்னு சாப்பிட்டுட்டுப் போயிடறேன். சொலாஞ் கேக்கு செஞ்சா, நல்லாத்தான் இருந்துது. ஆனா…"

என்னால் முடியவில்லை. கேட்டைத் திறந்தேன். வெறும் பாத்தியைக் காட்டினேன். எல்லாவற்றையும் கொட்டினேன் — உள்பாடி, சத்தியம், கண்ணாடி, பனி, எல்லாம். "உனக்குக் குடுக்கக்கூடாதுன்னே அத்தனையும் விதைச்சேன். நீ பாக்கணும்னே கண்ணாடியை எடுத்தேன். என்னைத் திட்டு."

அவன் திட்டவில்லை. கவிழ்த்துப் போட்ட வாளிமேல் உட்கார்ந்தான். பாத்தி மண்ணை விரலால் கிளறிவிட்டு, "மே பத்தாம் தேதியா எடுத்தே? நீயா?" என்றான். அது திட்டைவிட மோசமாக இருந்தது.

பிறகு திடீரென்று நிமிர்ந்தான். "என் கோட்டு எங்க?"

"இப்ப எதுக்குக் கோட்டு? குளிருதா?"

"நான் மார்ச்சுல போனேன், மரிவோன். பிப்ரவரியில வெச்ச விதை உள்பையிலயே இருந்துது. நீ எடுத்திருப்பேன்னு இத்தனை நாளா நினைச்சிட்டு இருக்கேன்."

நெற்றியில் அறைந்துகொண்டேன். பையைத் தடவிப் பார்க்காமல் துணியைக் கொடுத்தவள் நான்! தபால்காரியாக முப்பது வருடம் அடுத்தவர் கடிதத்தைப் பத்திரமாகக் கொண்டுபோய்க் கொடுத்தவள்.

"அது பாதிரியார்கிட்ட இருக்கு" என்றேன்.

"எது?"

"கோட்டுதான்யா. எழுந்திரு."

பாதிரியார் தங்கும் பங்கு வீட்டுத் தோட்டத்தைச் சுற்றி ஆளுயர மதில். கதவைத் தட்டினால் பதில் இல்லை. ஆனால் மதிலுக்கு மேலாக ஒரு வாசனை வந்தது. ரெஜிஸ் என் கையைப் பிடித்தான். இருவருக்கும் அந்த வாசனை தெரியும். கேட்காமலே உள்ளே போய்விட்டோம்.

ஃபாதர் கொம்லான் அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு, வெயிலில் நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் தட்டு வைத்து எதையோ நகத்தால் உரித்துக்கொண்டிருந்தார். முலாம்பழ விதை. காலடியில் ஆறு கோழிகள், ஆரஞ்சுச் சதையைக் கொத்திக் குதறிக்கொண்டிருந்தன.

"ஃபாதர்! நிறுத்துங்க!"

தட்டைக் கோட்டுக்குள் மறைக்கப் பார்த்தார், பாவம். திருடர்கள் என்று நினைத்துவிட்டார்.

கதை இதுதான். மே கடைசியில்தான் அவருக்கு முதன்முதலாகக் குளிர் விட்டிருக்கிறது. கோட்டைக் கழற்றித் துவைக்கப்போனவர், கிழிந்த உள்பைக்குள்ளே விதைகளைக் கண்டு, தென்பக்கச் சுவரோரம் போட்டிருக்கிறார். எட்டுப் பழம்.

"எங்க ஊர்ல இது மாதிரி ஒண்ணு இருக்கு, மேடம். விதையை அரைச்சுக் குழம்பு வெப்போம். இது கொஞ்சம் பொடிசு, உரிக்க மூணு நாள் ஆகுது. ஆனா குழம்பு அருமை. ரெண்டு தடவை வெச்சுட்டேன்."

"சதையை?" என்றான் ரெஜிஸ்.

"சதை கசக்குமே! எங்க ஊர்ல யாரும் தொட மாட்டாங்க. கோழிங்களுக்குப் போட்டேன். ரொம்ப விரும்பிச் சாப்பிடுதுங்க."

"நீங்க வாயில வெச்சே பாக்கலையா?"

"எதுக்கு?"

ரெஜிஸ் கோழிகளைப் பார்த்த பார்வையை ஒரு கிறிஸ்தவன் பார்க்கக்கூடாது. ஏழு பழம் அவற்றின் வயிற்றில். கடைசிப் பழம் ஒன்று மட்டும் கொடியில் இருந்தது. காம்பைச் சுற்றி விரிசல் விட்டிருந்தது, தொட்டதும் கையோடு வந்தது. ரெஜிஸ் கத்தியை எடுத்தான். மூன்றாக வெட்டினான். ரெஜிஸின் தாடையில் சாறு ஒழுகியது, கண்ணிலும் ஒழுகியது. நான் மட்டும் யோக்கியமா, எனக்கும்தான்.

ஃபாதர் தோல் வரை சுரண்டித் தின்றுவிட்டுக் கோழிகளை வெகுநேரம் பார்த்தார். "ஏழு பழம்" என்றார். "ஆண்டவரே, ஏழு பழம்."

பிறகு கேட்டார்: "இதுக்கு என்ன பேரு?"

ரெஜிஸ் வானத்தைப் பார்த்தான். கோழை. கடைசியில் நான்தான் சொன்னேன். நாற்பது வருடமாகப் பாவசங்கீர்த்தனம் செய்யாதவள், ஒரு பாதிரியார் முகத்துக்கு நேரே அந்தப் பெயரைச் சொன்னேன்.

ஃபாதர் கீழே கிடந்த பழத்தின் அடித்துண்டை எடுத்தார். திருப்பினார். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு உற்றுப் பார்த்தார்.

"யாரோடது? எனக்கு முன்னாடி இருந்தவரோடதா?"

"இல்ல ஃபாதர், இருநூறு வருஷத்துக்கு முன்னாடி இருந்தவரோடது" என்றேன்.

"அவரைப் பின்னாடியிருந்து இவ்வளவு கவனமாப் பாத்தது யாரு?"

"எங்க குடும்பத்துப் பொம்பளைங்கதான்" என்றான் ரெஜிஸ் தரையைப் பார்த்துக்கொண்டு.

ஃபாதர் சிரித்த சிரிப்பில் கோழிகள் சிதறி ஓடின. அவருக்குக் குளிரவில்லை என்று முதன்முதலாகத் தோன்றியது.

திரும்பும்போது பாலம் வரை ரெஜிஸோடு நடந்தேன். "மன்னிச்சிரு" என்றேன். "நானும்தான்" என்றான். எதற்கு என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அவன் அந்தப் பக்கம் போனான், நான் இந்தப் பக்கம் வந்தேன்.

செப்டம்பர் 16

தண்ணீரில் போட்டேன். கடைசிப் பழத்து விதையில் மூழ்கியது நானூற்றுப் பதினொன்று. மதிலுக்குள்ளே விளைந்தது, சுற்றுவட்டாரத்தில் வேறு முலாம்பழம் இல்லை. இந்த ஊரில் கள்ளத்தனம் நடக்காத ஒரே இடம் பங்கு வீடுதான்போல.

பிப்ரவரி 2

கிரெப் வாசனை. விதைகளைப் பிரித்தேன். பாதி டப்பாவுக்குள் போயிற்று, அதை யாருக்காகவும் தொட மாட்டேன். மிச்சத்தில் ஒரு பங்கு ஃபாதருக்கு. கிழிந்த உள்பையைத் தைத்து, அதற்குள்ளேயே போட்டுக் கொடுத்தேன். குழம்புக்கென்று ஒரு கைப்பிடி கூடுதலாக. இன்னொரு பங்கு உறைக்குள் வைத்து ரெஜிஸுக்கு. மேலே எழுதினேன்: "உடம்போட வெச்சுக்கோ. சொலாஞ்சோட கைப்பையில வேணாம். மே 14க்கு முன்னாடி வெளிய எடுக்காதே. என்னைப் பாத்துக் கத்துக்கோ."

பிப்ரவரி 6

ரெஜிஸிடமிருந்து பார்சல். கடிதம் இல்லை. மூன்று எலிப்பொறி.

ஒன்றை டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தேன். ஒன்றைப் பங்கு வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மூன்றாவதில் பாலாடைக்கட்டி வைக்கும்போது விரலை நசுக்கிக்கொண்டேன். அவன் எப்படித்தான் வைப்பானோ.

உள்பாடி அரிக்க ஆரம்பித்துவிட்டது.