மூன்றாவது கியர்

8 ஜூலை 2025, செவ்வாய்

இன்று காலை என் வீட்டுக்காரர் என்னோடு பந்தயம் விட்டார். நான் மோட்டாரில், அவர் கால்நடையாக, அதுவும் சிலிப்பரில். எங்கள் வாசலிலிருந்து தோட்ட ஆபீஸ் முந்நூற்றைம்பது மீட்டர். நான் ஹெல்மெட்டைத் தேடி எடுத்து மாட்டி, பையைக் கூடையில் வைத்து, கேட்டைத் திறந்து, மோட்டாரை வெளியே தள்ளி, மறுபடி கேட்டைப் பூட்டிக் கிளம்பிப் போய்ச் சேர்ந்தபோது, புவனேசன் ஆபீஸ் படியில் உட்கார்ந்திருந்தார்.

"என்னா ராணி, வழியில ஜாமா?"

மேனேஜர் முருகையா சார் சன்னலில் நின்று சிரித்தார். சிரிக்கட்டும். பதினாறு வருஷமாக இந்த ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி. மோட்டார் என் சம்பளத்தில் வாங்கியது. ஏறித்தான் போவேன்.

10 ஜூலை, வியாழன்

மோட்டார் கிளம்பவில்லை. உதைத்து உதைத்துக் கால் வீங்கியதுதான் மிச்சம். நடந்து போனேன். நாலு நிமிஷம். இதை யாரிடமும் சொல்லப்போவதில்லை.

11 ஜூலை, வெள்ளி

வெள்ளி, சனி இங்கே வார லீவு. தெரிந்தவர் லோரியில் மோட்டாரை ஏற்றிப் பாடாங் செராய்க்குக் கொண்டுபோனோம். அங்கே ஹபீஸா பட்டறை வைத்திருக்கிறாள். வயது முப்பது இருக்காது. மோட்டாருக்கு அடியில் தட்டை வைத்து நட்டைக் கழற்றினாள். கருப்பு எண்ணெய் வர வேண்டிய இடத்தில் வெளுப்பாக, நுரையோடு ஏதோ வந்தது.

"அக்கா, இதுல என்னா ஊத்துனீங்க? தே தாரேக்கா?"

"நான் ஏன்மா டீயை ஊத்தப்போறேன்?"

"ஒரு தடவ எடுத்தா எவ்ளோ தூரம் போவீங்க?"

"முந்நூத்தம்பது."

"கிலோமீட்டரா?"

"மீட்டர்," என்றார் புவனேசன், ரொம்ப மரியாதையாக.

இன்ஜின் சூடாவதற்குள் நான் இறங்கிவிடுகிறேனாம். உள்ளே கோர்க்கும் தண்ணீர் ஆவியாக வழியில்லாமல் எண்ணெயோடு கலந்துவிடுகிறதாம். பேட்டரியும் அதனால்தான் செத்ததாம்.

"வாரம் ஒருக்கா இருபது கிலோமீட்டர் ஓட்டுங்கக்கா. நிறுத்தாம. மாத்திர சாப்பிடுற மாதிரி. நாலாவது கியர்ல போடுங்க, நல்லா சூடாவும்."

"நாலாவது இருக்கா?"

ஹபீஸா ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். உண்மையைச் சொன்னேன். மூன்று வருஷத்தில் இரண்டாவதைத் தாண்டியதில்லை. மூன்றாவது போடுவதற்குள் ஆபீஸ் வந்துவிடும்.

13 ஜூலை, ஞாயிறு

முருகையா சார் கூப்பிட்டு ஒரு கடிதம் கொடுத்தார். குலிம் தலைமை ஆபீஸில் பெரிய கிராணி வேலை. எனக்குத்தான். 31ஆம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும்.

குலிம் இங்கிருந்து பத்தொன்பது கிலோமீட்டர். காலையில் நேரத்துக்கு பஸ் கிடையாது. மோட்டார்தான்.

என் வாயிலிருந்து என்ன வந்தது தெரியுமா? "வீட்டுக்காரர் விட மாட்டார் சார்."

ஏன் அப்படிச் சொன்னேன்? அந்த மனுஷன் என் வாழ்நாளில் எதற்குக் குறுக்கே நின்றார்? மெயின் ரோடு என்றால் எனக்குப் பயம் என்று சொல்ல வெட்கம். அவ்வளவுதான். கடிதத்தைப் பருப்பு டின்னுக்கு அடியில் வைத்தேன்.

18 ஜூலை, வெள்ளி

மாத்திரை சாப்பிடக் கிளம்பினேன். மூன்று கிலோமீட்டர் போய்த் திரும்பிவிடுவதாகத் திட்டம். ஆனால் திரும்ப வேண்டிய இடம் வலது பக்கம். எதிரே லோரி, அதற்குப் பின்னால் லோரி. சரி, அடுத்த முச்சந்தியில் பார்ப்போம் என்று நேராகப் போனேன். அங்கேயும் வலது. பாடாங் செராய் வந்தது. போனது.

பின்னால் செம்பனைக் குலை ஏற்றி வந்த ஒரு லோரி அடித்த ஹாரனில் கால் தானாக மிதித்தது. மூன்றாவது விழுந்தது. ஒன்றும் ஆகவில்லை. இன்ஜின் சத்தம்தான் அடங்கியது. அப்படியென்றால் இத்தனை நாளும் அது கத்திக்கொண்டேதான் இருந்திருக்கிறது, பாவம். கொஞ்ச தூரம் போய் நாலாவதும் போட்டேன். பாடக்கூடச் செய்தேன். ஹெல்மெட்டுக்குள் யாருக்குக் கேட்கும்?

ஆனால் வலது பக்கம் திரும்ப மட்டும் முடியவில்லை. இடது வரும்போதெல்லாம் திரும்பினேன். பள்ளிவாசல், கோழிப்பண்ணை, செம்பனை, மறுபடி செம்பனை. ஒரு மணி நேரம் கழித்து எங்கள் தோட்டத்தின் பின்வழியாக வந்து சேர்ந்தேன். முப்பத்தோரு கிலோமீட்டர்.

"எங்க போன?" என்றார்.

"சும்மா. ஒரு ரவுண்டு."

19 ஜூலை, சனி

உட்கார முடியவில்லை. நின்றுகொண்டு எழுதுகிறேன்.

24 ஜூலை, வியாழன்

போச்சு.

சாயங்காலம் டீக்கடையில் முருகையா சார் புவனேசனைப் பிடித்து, பெண்களை முன்னேற விட வேண்டும் என்று அரை மணி நேரம் பேசியிருக்கிறார். கடையில் இருந்தவர்களும் கூடச் சேர்ந்துகொண்டார்களாம். இவர் எதற்கு என்று தெரியாமலே தலையாட்டிவிட்டு வந்திருக்கிறார்.

"ராணி, நான் உன்னைய எதுக்குலா விடல?"

கடிதத்தை எடுத்துக் கொடுத்தேன். படித்தார். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"உனக்கு ரோட்டுக்குப் பயம். அதுக்கு என்னைய ஏன் வில்லனாக்குன?"

அழுக வந்துச்சு, அழுதேன். நாப்பத்தி நாலு வயசுல வலது பக்கம் திரும்பத் தெரியலன்னு யாருகிட்ட போயி சொல்றது? அதையும் சொல்லிட்டேன். போன வாரம் முப்பத்தோரு கிலோமீட்டர் இடது பக்கமாவே சுத்துனதையும் சொன்னேன்.

சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு தோள் குலுங்கியது. அவர் அழுகிறாரோ என்று பயந்துவிட்டேன். இல்லை, சிரிக்கிறார். சாப்பிட்டு முடிக்கும்வரை நிறுத்தவில்லை.

25 ஜூலை, வெள்ளி

காலையில் அவரே ஹெல்மெட் மாட்டிக்கொண்டு பின்னால் ஏறினார். செம்பனை எண்ணெய் மில்லில் பாய்லர் பார்க்கிற ஆள், நெருப்புக்குப் பயப்படாதவர். என் பின்னால் உட்கார்ந்ததும் என் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

அதே முதல் முச்சந்தி. நின்றேன், சிக்னல் போட்டேன், லோரி போகட்டும் என்று காத்திருந்தேன், திரும்பினேன். திரும்பி வந்து மறுபடி. பதினொரு முறை. மூலையில் நாசி லெமாக் சோறு விற்கிற மருதம்மாள் அக்கா கடைசியில் எங்களை நிறுத்தினார்.

"தம்பி, என்னா தொலைஞ்சி போச்சு? சொன்னா நானும் தேடுவேன்ல."

"பயம் தொலைஞ்சி போச்சுக்கா," என்றார் புவனேசன். அக்காவுக்குப் புரியவில்லை. ஆளுக்கு ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்தார்.

பன்னிரண்டாவது முறை இவர் என் சட்டையை விட்டுவிட்டார். நான் கவனித்தேன்.

31 ஜூலை, வியாழன்

பதில் கொடுத்துவிட்டேன். "வீட்டுக்காரர் விட்டுட்டாரா?" என்றார் முருகையா சார். ஆமாம் என்றேன்.

"நான் பேசுன பேச்சு அப்படிம்மா," என்றார். பாவம், சந்தோஷமாக இருக்கட்டும்.

17 செப்டம்பர், புதன்

காலையில் நல்ல மழை. பாதி வழியில் ஒரு பாலத்துக்கடியில் நின்று மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு மறுபடி கிளம்பினேன். குலிம் ஆபீஸில் கோட்டைக் கழற்றி உதறிக்கொண்டிருந்தபோது, இந்த வாரம் வேலைக்குச் சேர்ந்த ரூபினி துணி கொண்டுவந்து கொடுத்தாள்.

"அக்கா, ரொம்ப நனைஞ்சிட்டீங்களே. வீடு தூரமா?"

"இல்லம்மா, இங்கதான். கிட்ட."

சொல்லிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டேன். மத்தியானம் சாப்பிடும்போதுதான், நான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது.